ஊட்டி அப்புறம்... முதல்ல நம்ம ஊர்!

"ஏங்க, பசங்களுக்கு லீவு விட்டாச்சு. எங்கேயாவது போயிட்டு வரலாமா?"

"போகலாம்... ஊட்டின்னா மூணு நாளாவது வேணும். கொடைக்கானல்னா ரூம் வாடகையே கையைக் கடிக்கும். அடுத்த வருஷம் பார்ப்போமே!"

வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் இந்தப் பேச்சு நடக்காத வீடு குறைவு. ஆறு நாளும் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ கடையிலோ மல்லுக்கட்டிவிட்டு வருகிற அப்பா, ஏழாவது நாள் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. பிள்ளைகள் செல்போனும் கையுமாக ஆளுக்கொரு மூலை. அம்மாவுக்கோ அன்றைக்குத்தான் சமையல் அதிகம்! சாயங்காலம் ஆனதும் எல்லோருக்கும் ஒரே எரிச்சல். 'லீவு நாள் வீணாப் போச்சே' என்ற அலுப்போடு மறுநாள் வேலைக்குக் கிளம்புகிறோம்.

இந்த அலுப்புக்கு மருந்து, உங்கள் தெருமுனையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் குடித்தால் இந்த மருந்து வேலை செய்யாது. வாராவாரம், அளவாகச் சாப்பிட வேண்டும்!

வாரத்துக்கு இரண்டே மணி நேரம்

இங்கிலாந்தில் சுமார் இருபதாயிரம் பேரிடம் கேட்டு 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்துக்கு 120 நிமிஷமாவது பூங்கா, ஆற்றங்கரை, மலை, காடு என்று இயற்கையோடு இருந்தவர்கள், அப்படிப் போகாதவர்களைவிட 'உடம்பும் மனசும் நல்லா இருக்கு' என்று அதிகமாகச் சொன்னார்கள். அந்த 120 நிமிஷத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் சரி, நாலைந்து தடவையாகப் பிரித்துக்கொண்டாலும் சரி, பலன் ஒன்றுதான் என்பது அதில் சுவாரஸ்யமான விஷயம். 'ஆரோக்கியமா இருக்கறவங்கதானே வெளியே அதிகம் போவாங்க?' என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயமான கேள்வியே. ஆய்வு செய்தவர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் இரண்டு மணி நேரம் வெளியே போய் வந்ததால் கெட்டுப்போனவர் யாருமில்லையே!

குழந்தைகள் விஷயத்தில் ஆதாரம் இன்னும் பலமானது. சீனாவின் குவாங்சௌ நகரத்தில் ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் வகுப்பு. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, வெளியே போகாத பிரிவில் 100-க்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போன பிரிவில் 30.4 பேருக்குத்தான்! பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கச் செய்கிறது. கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் அது தடுக்கிறது என்பது கண் மருத்துவ நிபுணர்கள் சொல்லும் காரணம். கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் கொஞ்சம் ஆற்றங்கரைக்கும் கூட்டிப் போகலாமே!

இன்னொரு சேதி. சைக்கிளிலேயே நாலு வருஷம் உலகைச் சுற்றி வந்தவர் இங்கிலாந்துக்காரர் அலஸ்டைர் ஹம்ஃப்ரிஸ். அவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? லண்டனைச் சுற்றி ஓடும் எம்-25 என்ற புறவழிச் சாலையின் ஓரமாக நடந்தே ஒரு சுற்று வந்தார். 'சாகசம் என்பது தூரத்தில் இல்லை, வீட்டுப் பக்கத்திலேயே செய்யலாம்' என்பது அவர் கட்சி. மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து காலை ஒன்பதுக்கு மறுபடி வேலைக்குப் போவதற்குள் ஒரு குட்டிப் பயணத்தை முடித்துவிடலாம் என்கிறார்.

சரி, நம்ம ஊரில் எங்கே போவது? இதோ, நாலு வாரம்... நாலு இடம். உங்கள் வீட்டுக்கு விடுமுறை ஞாயிறோ வெள்ளியோ, எந்த நாள் தோதோ அந்த நாளில் தொடங்கலாம்.

முதல் வாரம்: ஊருக்குள் ஒரு நடை

காலை ஆறு மணி. வெயில் ஏறுவதற்குள் எட்டு மணிக்கு வீடு திரும்பிவிட வேண்டும். செலவு, வழியில் ஒரு டீ!

பிறந்ததிலிருந்து வாணியம்பாடியில் இருப்பவர்களிடம்கூட 'கச்சேரி ரோட்டில் இருக்கிற நினைவுத் தூண் எதுக்குங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். 1903 நவம்பர் 12-ம் தேதி பாலாற்றில் வந்த பெருவெள்ளம் ஊரையே புரட்டிப் போட்டது. சுமார் 200 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக எழுப்பியது அந்தத் தூண். 'ஆத்துல தண்ணியே இல்லையேப்பா, வெள்ளம் எப்படி வரும்?' என்று உங்கள் மகன் கேட்பான். 2021 நவம்பரில் பாலாறு மறுபடி பொங்கி ஓடியதை ஞாபகப்படுத்துங்கள். காய்ந்த ஆறு செத்த ஆறு இல்லை என்பது அவனுக்குப் புரியும்.

அங்கிருந்து மெல்ல நடந்தால் 1919-ல் தொடங்கிய இஸ்லாமியக் கல்லூரி. 'ஆலாபனை' தொகுப்புக்காக 1999-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய கவிக்கோ அப்துல் ரகுமான், பல வருஷம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தது இங்கேதான். தமிழும் உருதும் ஒரே தெருவில் கைகோத்து நடக்கிற ஊர் இது. பிள்ளைகளைக் கடைப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை மொழி எண்ணுகிறார்கள் என்று ஒரு போட்டி!

கடைசியாக ஆற்றங்கரை. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவில் கொஞ்ச தூரம் ஓடி, நம் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் புல்லூரில்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில். கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் கலக்கிறது. ஆந்திர எல்லையில் இருக்கும் புல்லூர் தடுப்பணையின் உயரத்தை அந்த மாநில அரசு 2016-ல் ஐந்து அடியிலிருந்து பன்னிரண்டு அடியாக உயர்த்தியபோது இங்கே எழுந்த கொந்தளிப்பு பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

'ஆத்துல ஏம்மா நாத்தம் அடிக்குது?' என்ற கேள்வியும் வரும். மழுப்பாதீர்கள். ஆற்றுத் தண்ணீரும் ஆவாரம்பட்டையும் கிடைத்ததால்தான் இந்தப் பகுதியில் தோல் தொழில் வேரூன்றியது. நம்மில் பலர் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. அதே தொழிலின் கழிவு நீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததும் உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், 'கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும்' என்று சொன்ன தீர்ப்பு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தைவிட ஆற்றங்கரையில் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லுங்கள்: நுரை மிதக்கிற, நிறம் மாறிய குட்டையில் காலை நனைக்கக் கூடாது. கால் பட்டுவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவணும்.

இரண்டாவது வாரம்: ஒரு ரயில், இரண்டு ஸ்டேஷன்

கைக்குழந்தை, மூட்டுவலிப் பாட்டி என்று எல்லோரும் இருக்கிற வீடா? ரயிலேறுங்கள். வாணியம்பாடியில் பாசஞ்சர் ஏறினால் கேத்தாண்டப்பட்டி, அதற்கடுத்து ஜோலார்பேட்டை. அவ்வளவுதான் பயணம்! பெங்களூர் போகிற பாதையும் சேலம் போகிற பாதையும் பிரிகிற ஜங்ஷன் அது. ஒரு மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால் வருகிற ரயில்களைப் பார்த்தே பிள்ளைகள் இந்திய மேப்பைப் படித்துவிடுவார்கள். ரயில் பெயர், எங்கிருந்து எங்கே என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வரும் ரயில் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மூன்றாவது வாரம்: ஏலகிரி

'ஏலகிரியா... எத்தனை தடவை பார்த்தாச்சு!' என்கிறீர்களா? காரில் ஏறி, படகில் ஒரு சுற்று சுற்றி, சாப்பிட்டு இறங்குவதைச் சொல்கிறீர்கள். இந்தத் தடவை நடந்து பாருங்கள்.

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். நம் ஊரைவிடச் சுமார் 700 மீட்டர் உயரம். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்பது கணக்கு. ஆக, கீழே வெயில் மண்டையைப் பிளக்கும்போது மேலே நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும். மே மாதத்தில் அதுவே சொர்க்கம்!

பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரதியார், பாரி என்று புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் பெயரை உரக்கப் படிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதால் வாந்தியும் வராது! நாம் அசைவதைக் காது சொல்கிறது; செல்போனையே பார்க்கிற கண்ணோ 'அசையலையே' என்கிறது. இந்தக் குழப்பம்தான் வயிற்றைப் புரட்டுகிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். டாக்டரைக் கேட்காமல் சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை கொடுக்கவும் கூடாது.

மேலே போனதும் மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடைபாதை இருக்கிறது. 'எங்களால முடியுமா?' என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? வேகம் சரி. ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறதா? நின்று ஓய்வெடுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை வந்தால் மலையை அத்தோடு விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். கையில் ஒரு கோல் இருந்தால் பாரம் குறையும். சர்க்கரை நோயாளிகள் சூடான பாறையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது.

ஏலகிரியின் மறுபக்கம், திருப்பத்தூர் போகும் வழியாகப் போனால் ஜலகாம்பாறை அருவி. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் கொட்டும். கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம்!

நாலாவது வாரம்: காவலூர் இரவு

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். உலக வானியல் நூல்களில் இடம்பிடித்த கிராமம் அது. வாணியம்பாடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கூண்டு தலை காட்டும்போதே பிள்ளைகள் கத்துவார்கள்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு. நகர வெளிச்சம் எட்டாத இடம். பூமத்திய ரேகைக்கு அருகில் என்பதால் வடக்கு வானத்தையும் தெற்கு வானத்தையும் பார்க்க முடியும். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதை உலகம் கண்டறிந்த 1977 மார்ச் 10 இரவில், காவலூரில் இருந்தவர்களும் அதே காட்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியைப் பார்க்க வைணு பாப்புவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1982-ல் காலமானார். 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தபோது தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர்!

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மேகம் மூடியிருந்தால் வானம் தெரியாது. இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் ஒருவர் செல்போனைத் தட்டினால் எல்லோருடைய கண்ணும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்! மற்றப் பிள்ளைகளுக்கு இருட்டு பழகிய பிறகும் உங்கள் பிள்ளை மட்டும் தடுமாறினால் அலட்சியப்படுத்தாதீர்கள். வைட்டமின் 'ஏ' குறைவாக இருக்கலாம். கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆளுக்கொரு ஸ்வெட்டர் அவசியம். ராத்திரி மலைப்பாதையில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீரைக் கண்டால்...

மழைக்காலத்தில் பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பும். புல்லூர் தடுப்பணை வழிந்தால் அங்கேயும் கூட்டம். பார்ப்பது தப்பில்லை. இறங்குவதுதான் ஆபத்து. தடுப்பணையிலிருந்து விழும் தண்ணீர் அடியில் சுழலும். மாட்டியவரை மேலே விடாமல் உள்ளேயே உருட்டும். பாசி வழுக்கும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. உலகம் முழுக்க 2021-ல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

யாராவது மூழ்கினால் நீச்சல் தெரியாமல் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் சாவது இப்படித்தான். கரையில் படுத்துக்கொண்டு புடவை, வேட்டி, கயிறு, நீளமான கம்பு, எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடவே கூடாது. மூச்சு இல்லை என்றால் ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் செய்ய வேண்டும். கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

பையில் இருக்கட்டும்

* ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.

* பிரஷர், சர்க்கரை மாத்திரைகள். 'ஒரு நாள்தானே' என்று விடக்கூடாது. சர்க்கரை இறங்கிப் படபடப்பு வந்தால் வாயில் போட்டுக்கொள்ள நாலு மிட்டாய் அல்லது குளுக்கோஸ்.

* தொப்பி, குடை, பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ. ஷூ ஊரில் இருந்துகொண்டு ஷூ இல்லை என்று சொல்லலாமா?

* பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

* நம்ம ஊர் பிரியாணிப் பார்சலா? சீரகச் சம்பா மணக்கும்தான். ஆனால் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாங்கின சூட்டோடு சாப்பிட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கும் லீவு!

வெளியூர்ப் பயணங்கள் பல வீடுகளில் ஒரே தடவையோடு நின்றுபோகக் காரணம் பணம் மட்டும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டுவது அம்மா. தண்ணீர் பாட்டில் நிரப்புவது அம்மா. வந்ததும் அழுக்குத் துணி ஊறவைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அம்மா. 'இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்' என்று அவருக்குத் தோன்றிவிட்டால் அடுத்த வாரம் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள்!

அதனால் வேலையைப் பிரியுங்கள். பையை அடுக்குவது பெரிய பிள்ளை. பாட்டில் நிரப்புவது சின்னது. துணியும் பாத்திரமும் அப்பா. சாப்பாடு வழியில் இட்லிக் கடையிலோ, வீட்டில் முதல் நாள் செய்த சப்பாத்தியோ போதும். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு விருந்து எதற்கு?

எங்கே போவது என்று ஒவ்வொரு வாரமும் ஒருவர் முடிவு செய்யட்டும். முதல் வாரம் அம்மா சொல்கிற இடம். அவர், 'நான் எங்கேயும் வரலை. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க, நான் கொஞ்ச நேரம் நிம்மதியாப் படுத்துக்கறேன்' என்று சொன்னால்... மறுபேச்சுப் பேசாமல் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடையைக் கட்டுங்கள்!